ஐந்தே கால் வண்டி நின்றதும் கண்செஷன் கார்டுக்கு அலைந்ததும்

எங்களுக்கு வேலந்தாவளம் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேச்சு தமிழ். மகள் பாலக்காட்டில் டிகிரி படிக்கிறாள். முன்பெல்லாம் பிரைவட் பஸ்தான், காலேஜ் ஐடியைக் காட்டினால் மாணவர் கட்டணம், சில்லறைக் காசோடு முடிந்துவிடும். அப்புறம் சாயங்கால வண்டிகள் குறைய ஆரம்பித்தன. முதலில் ஞாயிற்றுக்கிழமை ட்ரிப் கட், பிறகு சனிக்கிழமையும், கடைசியில் ஐந்தே கால் வண்டியையே நிறுத்திவிட்டார்கள். டிரைவர் கிடைக்கவில்லை என்றார்கள், டீசல் விலை என்றார்கள். அந்த நேரத்துக்கு நிச்சயமாக என்று மிச்சம் இருந்தது கே.எஸ்.ஆர்.டி.சி. வண்டி, அதாவது கேரள அரசு பஸ், ஒன்று. அதில் வெறும் காலேஜ் ஐடி செல்லாது, மாணவர் சலுகைக்கான கண்செஷன் கார்டு தனியாக எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஃபுல் டிக்கெட், போக வர மாதம் ஆயிரத்தைத் தாண்டுகிறது.

2024-லிருந்து இதற்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம். எங்கிருந்து எங்கே என்று ரூட்டைப் போட்டு, போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஏற்றினால் அது முதலில் காலேஜுக்குப் போகும், அவர்கள் சரி என்று அழுத்தினால் டிப்போவுக்குப் போகும், அங்கேயும் சரி என்றால் போனுக்கு மெசேஜ் வரும், பணம் கட்டிவிட்டு நேரில் போய்க் கார்டு வாங்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. காலேஜில் அதைப் பார்ப்பவர் லீவு, அவர் வரும்வரை விண்ணப்பம் அப்படியே கிடந்தது. வந்து அனுப்பி வைத்தார், டிப்போவில் திருப்பி விட்டார்கள். காரணம் என்று ஒரே ஒரு வரி, ஆவணங்கள் பொருந்தவில்லையாம். எந்த ஆவணம், எதோடு பொருந்தவில்லை என்று அதில் இல்லை.

நேரில் போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது, இனிஷியல். நம் ஆட்கள் வழக்கப்படி காலேஜில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் என் முழுப்பெயர். கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, "சேட்டா, இது ரெண்டு ஆளல்லே?" என்றார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். எதிரே நிற்பவள் என் மகள்தான் என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியது என்று வில்லேஜ் ஆபீஸில் ஒரு சான்றிதழ் தருவார்கள், அக்ஷயா சென்டரில் (கேரளாவில் இ-சேவை மையம் மாதிரி) விண்ணப்பிக்கலாம். தமிழ்ப் பெயர்க்காரர்கள் ஜூனுக்கு முன்பே அதை வாங்கி வைத்துவிடுங்கள், ஸ்காலர்ஷிப்புக்கும் கேட்பார்கள். ஆதாரோடு அதையும் சேர்த்து ஒரே ஃபைலாக ஏற்றினோம், இந்த முறை திரும்பி வரவில்லை, கார்டு கைக்கு வந்தது.

கார்டு வந்ததும் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. அந்த ஒரு வண்டி வராத நாளில் பிரைவட்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் நின்று பாருங்கள், பிள்ளைகள் எல்லாம் பஸ்ஸுக்கு வெளியே வரிசையாக நிற்பார்கள், கிளி, அதாவது கதவில் நிற்கும் கிளீனர் பையன், கதவில் கையை வைத்துக்கொண்டு "பின்னெ கேறியால் மதி" (அப்புறம் ஏறினால் போதும்) என்பான், ஃபுல் டிக்கெட் ஆட்கள் எல்லாம் ஏறி, டிரைவர் வண்டியை எடுத்த பிறகுதான் இவர்கள் ஓடி ஏறணும். சீட் காலியாக இருந்தாலும் உட்கார விடுவதில்லை. அந்தக் கிளிக்கு என் மகள் வயசுதான் இருக்கும், பாவம், அவனை மட்டும் திட்டி என்ன செய்ய.

பஸ் ஓனர்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. மாணவர்களின் குறைந்தபட்சக் கட்டணம் 1 ரூபாய் என்று வைத்தது 2012-ல். மற்றவர்களுக்கு 2022 மே மாதம் 10 ரூபாய் ஆக்கியபோதும் அந்த ஒரு ரூபாயைத் தொடவில்லை. 5 ரூபாயாவது ஆக்குங்கள் என்பது அவர்கள் கோரிக்கை, 2025 ஜூலையில் நடந்த பஸ் ஸ்ட்ரைக்கிலும் இது இருந்தது. மாணவர் சங்கங்கள் விடாது, எந்த மந்திரியும் தொட மாட்டார். என் வீட்டம்மாவுக்கு இது புரியவே இல்லை. அவள் செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்து போய்த் தமிழ்நாட்டு டவுன் பஸ் ஏறினால் கோயம்புத்தூர் வரை பெண்களுக்குக் காசு கிடையாது, 2021 மே மாதத்திலிருந்து அப்படித்தான், எந்த மாநிலத்துக்காரி என்று கண்டக்டர் கேட்டதும் இல்லை. ஆனால் அந்தப் பணத்தை அங்கே அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. இங்கே பிரைவட் பஸ்ஸில் பிள்ளைகளுக்குக் குறைக்கும் காசை ஓனர் தலையில் கட்டியிருக்கிறார்கள், அவர் அதை ட்ரிப் கட் பண்ணி நம் தலையில் கட்டுகிறார். மூன்றோ ஐந்தோ வாங்கிக்கொள்ளட்டும், சாயங்காலம் வண்டி ஓடட்டும் என்பேன் நான். மகளுக்கு இதில் சம்மதம் இல்லை. கட்டணத்தை ஏற்றிக் கொடுத்தால் மட்டும் கதவைத் திறந்துவிடுவார்களா என்கிறாள்.

பெர்மிட்டில் எழுதிய டைமுக்கு ஓட்டாமல் விட்டால் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். பஸ் ஓடவில்லை என்று பொதுவாக எழுதினால் எடுக்க மாட்டார்கள். வண்டி நம்பர், எந்த ட்ரிப், எந்தெந்தத் தேதி என்று இருக்க வேண்டும். பிள்ளைகள் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் குறித்து வைக்கிறார்கள், அதை அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி இந்த மாதக் கடைசியில் கொடுக்கப் போகிறோம். அதே ரூட்டில் இருப்பவர்கள் உங்கள் தேதிகளையும் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.