ஸ்குவால் வேறு, கஸ்ட் வேறு: கடல் வானிலை அறிக்கையில் குழப்பும் சொற்கள்

கடலுக்குப் போகும் வீடுகளில் வானிலை அறிக்கை இப்போது முதலில் போனுக்குத்தான் வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் விழும் பிடிஎஃப் பல நேரம் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்வது வீட்டில் படிக்கிற பிள்ளைகள். அகராதியைப் புரட்டினால் பாதிச் சொல்லுக்கு ‘எச்சரிக்கை’, மீதிக்குப் ‘பலத்த காற்று’ என்று வரும். இந்திய வானிலைத் துறையோ ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறது. பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கம் அடிக்கடி கண்ணில் படுகிற சொற்களை மட்டும் இங்கே பார்க்கலாம்.

மன்னார் வளைகுடாவுக்கு வரும் அறிக்கையில் ‘ஸ்குவாலி வெதர், 45 முதல் 55 கி.மீ., கஸ்டிங் டு 65’ என்கிற மாதிரி வரி சாதாரணம். இதில் 45–55 என்பது நின்று வீசும் காற்று. நம் நாட்டில் அதை 3 நிமிடச் சராசரியாக எடுக்கிறார்கள். 65 என்பது கஸ்ட்: சில விநாடி வந்து அறைந்துவிட்டு அடங்கிவிடும். ஸ்குவால் அப்படி அடங்காது. காற்று திடீரென்று குறைந்தது 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) கூடி, 22 நாட்டுக்குக் குறையாமல், ஒரு நிமிடமாவது நின்றால்தான் அதற்குப் பெயர் ஸ்குவால். கஸ்டில் பாயைத் தளர்த்திச் சமாளிக்க வாய்ப்பு உண்டு. ஸ்குவாலில் தளர்த்திய பிறகும் அழுத்தம் விடாது.

பலரும் அந்த வரியில் முதல் எண்ணை மட்டும் பார்த்து, ‘45தானே’ என்று கணக்குப் போடுகிறார்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 45லிருந்து 65க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை, ஆனால் அழுத்தம் இரு மடங்கைத் தாண்டிவிடும். நாட்டுப்படகுக்கு முடிவெடுக்க வேண்டியது கடைசி எண்ணை வைத்துத்தான். தமிழ் அறிக்கையில் ‘இடையிடையே’ என்று வருவது இதுதான். ஸ்குவாலைச் ‘சூறாவளிக்காற்று’ என்று எழுதுவதால் புயல் என்று நினைத்துவிடுகிறார்கள். ‘சூறைக்காற்று’ என்றால் இந்தக் குழப்பம் குறையும் என்பது என் எண்ணம்.

‘சைக்ளோனிக் சர்க்குலேஷன்’ என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது மேலடுக்குச் சுழற்சி, புயல் இல்லை. டிப்ரஷன் (காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்) என்றால் 17 முதல் 27 நாட், டீப் டிப்ரஷன் (ஆழ்ந்த தாழ்வு மண்டலம்) 28 முதல் 33 நாட். 34 நாட்டைத் தொட்டால்தான் சைக்ளோனிக் ஸ்டார்ம், பெயர் வைப்பதும் அப்போதுதான். 33 நாட் என்பது 61 கி.மீ. ‘இன்னும் புயலாகவில்லையே’ என்று படகை எடுக்க அது காரணம் ஆகாது.

வாட்ச், அலர்ட், வார்னிங் மூன்றும் எச்சரிக்கைதான், ஆனால் கால அளவு வேறு. புயல் விஷயத்தில் வாட்ச் சுமார் 72 மணி நேரம் முன்பு, அலர்ட் குறைந்தது 48, வார்னிங் 24. வார்னிங் வந்த பிறகு வலையைக் கரையேற்ற ஆரம்பித்தால் தாமதம்.

பாம்பனில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு வருவோம். ‘எண் பெரிதானால் புயல் பெரிது’ என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது பாதிதான் சரி. 1 டிஸ்டன்ட் காஷனரி: தூரத்தில் புயல் உருவாகக்கூடிய நிலை. 2 டிஸ்டன்ட் வார்னிங்: தூரத்தில் உருவாகிவிட்டது, துறைமுகத்தை விட்டுப் போகிறவர்கள் அதில் மாட்டலாம். 3 லோக்கல் காஷனரி, இங்கேயே சூறைக்காற்று வரும். 4 லோக்கல் வார்னிங், இந்தத் துறைமுகத்துக்கே புயல் மிரட்டல். ஆக காஷன் என்றால் அறிகுறி, வார்னிங் என்றால் புயலே.

5, 6, 7 மூன்றுக்கும் பெயர் டேஞ்சர். 8, 9, 10 மூன்றும் கிரேட் டேஞ்சர். ஒவ்வொரு மூன்றுக்குள்ளும் கடுமை ஒன்றேதான், மாறுவது பாதை. 5 என்றால் புயல் போகும் திசையில் துறைமுகம் அதற்கு இடப்பக்கம், 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். நம் பகுதிப் புயல்களில் பொதுவாக வலப்பக்கக் காற்றுதான் கூடுதல் பலம், சுழற்சியோடு புயலின் சொந்த ஓட்டமும் அங்கே சேர்ந்துகொள்வதால். 11 ஏறினால் 10ஐ விடப் பெரிய புயல் என்று அர்த்தமில்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள்.

வேவ், ஸ்வெல் இரண்டையும் ‘அலை’ என்றே மொழிபெயர்க்கிறோம். வேவ் பக்கத்துக் காற்று எழுப்புவது, காற்று விழுந்தால் அதுவும் விழும். ஸ்வெல் தூரக் கடலில் எழுந்து வருவது, இங்கே இலை அசையாத நாளிலும் வரும். தெற்கே திறந்து கிடக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம் இது அதிகம், ஆழமில்லாத பாக் விரிகுடாவில் குறைவு. ஸ்வெல் சர்ஜ் அறிவிப்பு வந்தால் கட்டியிருக்கும் படகுகளுக்கு இடையே இடைவெளி விட வேண்டும். நெருக்கிக் கட்டினால் ஒன்றோடொன்று மோதிப் பலகை பிளக்கும். ‘சிக்னிஃபிகன்ட் வேவ் ஹைட் 2 மீட்டர்’ என்பதும் உச்சபட்ச உயரம் இல்லை. எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. தனி அலை ஒன்று 4 மீட்டரை நெருங்கலாம்.

நாட் என்பதே மணிக்கு ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1.852 கி.மீ. ‘நாட் பெர் ஹவர்’ என்று எழுதுவது தவறு. 25 நாட்டை 25 கி.மீ. என்று படித்தால் 46 கி.மீ. காற்றைப் பாதியாக்கிவிடுகிறோம்.

கடைசியாக ‘-லி’, ‘-வார்ட்’ என்று முடியும் சொற்கள். சதர்லி விண்ட் தெற்கிலிருந்து வரும் காற்று. சவுத்வார்ட் கரண்ட் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டம். காற்றுக்கு வரும் திசை, நீரோட்டத்துக்குப் போகும் திசை என்பது வழக்கம். அறிக்கையில் இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டும் ஒரே பக்கம் என்று தோன்றும், உண்மையில் எதிரெதிர். பாம்பன் பாலத்தடி மாதிரி ஓட்டம் இழுக்கும் இடத்தில் காற்றும் எதிர்த்து நின்றால், உயரம் அதிகம் இல்லாத அலையும் குறுகிச் செங்குத்தாக நிற்கும்.