பட்டன் தேயாத டயர்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் எங்கள் உறவினர்களுக்குத் துணையாக, ஒரு சிறிய பயண டிரெய்லரைப் பொலிரோவில் கோத்து இழுத்துக்கொண்டு, அவர்கள் தங்கும் ஊர்களுக்கு முன்கூட்டியே போய் நிற்பது என் வழக்கம். இரண்டு படுக்கை, ஓர் அடுப்புமேடை, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரி, ஒற்றை அச்சில் இரண்டு சக்கரம், இவ்வளவுதான் அந்த டிரெய்லர். சென்ற முறை நத்தத்தைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ தகரத்தை அடிப்பது போன்ற சத்தம் கேட்டது. வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்ப்பதற்குள், இடப்பக்க டயரின் மேல்பட்டை முழுவதும் உரிந்து, அது சுழன்று சுழன்று அடித்ததில் மட்கார்டு கிழிந்து, தண்ணீர்க் குழாயும் பிய்ந்து, தொட்டித் தண்ணீர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

உரிந்து கிடந்த பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டன், அதாவது சாலையைத் தொடும் பள்ளமும் மேடுமான பகுதி, புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. பள்ளத்தின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் தேய்மானத்தைக் காட்டுவதற்கென்று ஒரு மேடு இருக்குமே, அதை எட்ட இன்னும் வெகுதூரம் இருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் அதே பட்டனைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "டயரெல்லாம் நல்லா இருக்கு ஆத்தா, பயப்படாதீங்க" என்று சொன்னவன் நான். பக்கவாட்டுச் சுவரை மட்டும் அன்றைக்கு நான் குனிந்து பார்க்கவில்லை. அங்கே ரிம்முக்கு அருகே, வறண்ட கண்மாயின் தரைபோல நுண்ணிய வெடிப்புகள் வட்டமாக ஓடியிருந்தன. நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருந்தன: 3516. அதாவது 2016ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர்.

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, கிழடாகிச் சாகிறது. ஆண்டில் பத்து மாதம் எங்கள் டிரெய்லர் வீட்டின் பின்கட்டை ஒட்டிய வண்டிக்கொட்டகையில் நிற்கிறது. மேற்கே திறந்த கொட்டகை என்பதால் சித்திரை, வைகாசி வெயில் பிற்பகல் முழுவதும் இடப்பக்கச் சக்கரத்தின்மீதே விழும். ரப்பரில் கலக்கப்படும் மெழுகும் ஓசோன் தடுப்புப் பொருள்களும், டயர் ஓடி மடங்கி நிமிரும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வந்து காப்பாக நிற்கும். நின்ற இடத்திலேயே நிற்கும் டயருக்கு அந்தக் காப்பு கிடைப்பதில்லை. கார் நிறுவனங்கள் பல 6 ஆண்டுகளுக்குப் பிறகு மாற்றச் சொல்கின்றன, டயர் நிறுவனங்கள் எப்படியிருந்தாலும் 10 ஆண்டுகளைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. வெயிலில் நிற்கும் டிரெய்லருக்கு 5 ஆண்டே போதும் என்பது இப்போது என் கணக்கு. மலேயா ரப்பர்த் தோட்டத்துப் பணமும் சேர்ந்து கட்டிய வீடுகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு, ரப்பருக்கு வெயில் ஆகாது என்பதை நடுச்சாலையில் நின்று தெரிந்துகொண்டது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் வயது மட்டுமே காரணம் என்று விட்டுவிட மனம் ஒப்பவில்லை. வலப்பக்க டயரும் அதே வாரத்தில் பிறந்ததுதான், அது ஏன் உரியவில்லை? ஊர் திரும்பியதும், வழக்கமாக ஏற்றும் பாத்திரம், பாய், அரிசி, நிரம்பிய தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றோடும் டிரெய்லரைக் காரைக்குடியில் ஓர் எடைமேடைக்குக் கொண்டுபோனேன். வண்டியில் கோத்தபடியே டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றியபோது 1,160 கிலோ காட்டியது. மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இருந்ததால், அடுத்து இடச்சக்கரம் மட்டும் மேடையிலும் வலச்சக்கரம் வெளியிலும் இருக்குமாறு நிறுத்தச் சொன்னேன். எடை போடும் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இடப்பக்கம் 640 கிலோ, அப்படியானால் வலப்பக்கம் 520. தொட்டி, அடுப்புமேடை, பேட்டரி மூன்றையும் இடப்பக்கத்திலேயே வைத்துக் கட்டியிருந்தார்கள் என்பது ஒன்பது ஆண்டுகளாக என் கண்ணெதிரே இருந்த உண்மை.

பழைய டயர் 165/80 ஆர் 14, கார் டயர். அளவுக்குப் பின்னால் 85 என்று ஓர் எண் உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை, டிரெய்லர்க்காரன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அது சுமைக் குறியீடு. 85 என்றால் அந்த டயர் முழுக் காற்றில் 515 கிலோவைத் தாங்கும். 91 என்றால் 615, 97 என்றால் 730, 102 என்றால் 850. கார் டயரை டிரெய்லரில் பூட்டும்போது அந்தத் திறனை 1.1ஆல் வகுத்துக் குறைத்தே கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்காவில் உள்ள நடைமுறை. காரணம் எளிது, டிரெய்லர் ஆடும், குலுங்கும், வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். அப்படிப் பார்த்தால் என் டயரின் திறன் 468 கிலோ. அதன்மேல் 640 கிலோவை ஏற்றி ஒன்பது தைப்பூசம் போய்வந்திருக்கிறேன். டிரெய்லரைக் கட்டிக்கொடுத்தவர் கையில் கிடைத்த கார்ச் சக்கரத்தை மாட்டிவிட்டார், நானும் கேட்கவில்லை.

எடைமேடையில் இன்னொன்றும் தெரிந்தது. கழற்றித் தனியாக நிறுத்தியபோது மொத்த எடை 1,280 கிலோ, ஆகவே 120 கிலோ வண்டியின் கொக்கியில் தொங்கியிருக்கிறது. மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வது இதைத்தான். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும், டிரெய்லரோ வாலை ஆட்டத் தொடங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் முன்பாரம் இருக்க வேண்டும், நம்முடையது சற்றுக் குறைவு. பேட்டரிகளைக் கழற்றி முன்பக்கம் வலப்புறமாக வைத்ததில் இடச்சக்கரம் 600, வலச்சக்கரம் 545, முன்பாரம் 135 என்று ஓரளவு நேரானது. டயருக்குச் செலவழிப்பதற்கு முன் செலவில்லாமல் செய்ய வேண்டிய வேலை இது.

பிறகுதான் டயர்க் கடை. முதல் கடையில் பழைய அளவையே எடுத்து வைத்து, "இதுதாண்ணே ஒம்பது வருசம் ஓடிருக்கு, இதையே போட்டுக்குங்க, காத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா குதிக்காது" என்றார்கள். டிரெய்லருக்கு இதைவிடக் கேடான யோசனை இருக்க முடியாது. காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும், அந்த மடக்கம்தான் சூடு, அந்தச் சூட்டில்தான் உள்ளேயிருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பு விடும். குலுங்குவது உள்ளே உட்கார்ந்து போகிறவர்களுக்குத்தான் தொல்லை, டிரெய்லருக்குள் ஓடும்போது யாரும் உட்காருவதில்லை.

பழைய டயரில் புதுப் பட்டை ஒட்டிய ரீட்ரேட் டயரை மலிவாகத் தருவதாக ஒருவர் சொன்னார், உரிந்த பட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தவனிடம் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. டிராக்டர் டிரெய்லர்களுக்குப் போடும் நைலான் டயர் நம் பக்கத்தில் எங்கும் கிடைக்கும், கல்லுக்கும் முள்ளுக்கும் அஞ்சாது, மெதுவாகப் போகிற வயற்காட்டு வேலைக்கு அதுவே சரி. ஆனால் மணிக்கு 70 கிலோமீட்டரில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் எஃகுக் கம்பிப் பட்டை வைத்த ரேடியல் டயரைவிட மிகுதியாகச் சூடேறும். அமெரிக்காவில் இத்தகைய பயண டிரெய்லர்களுக்கென்றே எஸ்.டி. என்ற குறியோடு, ஆட்டத்தைக் குறைக்கும் விறைப்பான பக்கச்சுவருடன் தனி டயர்கள் விற்கிறார்கள். நான் ஏறிய கடைகளில் அவை இல்லை. அதே வேலையை நமக்குச் செய்யக்கூடியது சிறு சரக்கு வண்டிகளுக்கான எல்.டி. ரேடியல். 185 ஆர் 14 எல்.டி., 8 பிளை மதிப்பு (டயரின் உறுதியைக் காட்டும் எண்), சுமைக் குறியீடு 102/100. சாய்கோட்டுக்கு முன்னுள்ளது ஒற்றைச் சக்கரத்துக்கு, பின்னுள்ளது லாரியைப் போல இரட்டையாகப் பூட்டும்போது. எனக்கு 850 கிலோ. 600 கிலோ அழுத்தும் சக்கரத்துக்கு இது போதுமான இடைவெளி.

அளவை மாற்றினால் மற்றவை சும்மா இருக்காது. புதிய டயரின் விட்டம் பழையதைவிட ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் கூடுதல், ஆகவே மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி குறையும். எப்படியும் கிழிந்திருந்த மட்கார்டைப் புதிதாகப் பற்றவைக்கும்போது ஓர் அங்குலம் உயர்த்தி வைக்கச் சொல்லிவிட்டேன். பழைய ரிம்மின் அகலம் நாலரை அங்குலம், இந்த டயருக்கு 5 அங்குலமாவது வேண்டும். தவிரவும் கார் ரிம் 850 கிலோவுக்கும் 65 பி.எஸ்.ஐ. காற்றுக்கும் செய்ததல்ல. நட்டுத் துளைகளின் இடைவெளி பொருந்தும் ஐந்தரை அங்குல ரிம் மூன்றைத் தேடி எடுத்ததுதான் இந்தக் கதையில் நாள் பிடித்த வேலை. வால்வையும் மாற்றினேன். வழக்கமான ரப்பர் வால்வின் எல்லையே 65 பி.எஸ்.ஐ., என் டயருக்கு வேண்டிய காற்றும் அதுவே, எல்லையில் நிற்பதைவிட நட்டு வைத்து முடுக்கும் உலோக வால்வு நல்லது.

இரண்டாம் கடைக்காரர் நான் கேட்ட டயரையே எடுத்துவந்தார். கைபேசி விளக்கை அடித்துப் பக்கச்சுவரைப் பார்த்தேன், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது, வார எண் 0922. பார்சல் காகிதம் பிரிக்காத புத்தம்புது டயர், ஆனால் மூன்றாண்டு வயது. அதைச் சொன்னதும் அவர் முகம் சற்று மாறியது, இருந்தாலும் மறுப்பு சொல்லாமல் இரண்டு நாள் கழித்துப் புதிய வாரத்து டயர் மூன்றை வரவழைத்துக் கொடுத்தார். மூன்றாவது ஸ்டெப்னிக்கு. பழைய ஸ்டெப்னி ஒருநாள்கூட ஓடியதில்லை, ஆனால் டிரெய்லரின் முதுகில் வெயில் காய்ந்தே மற்ற இரண்டோடு சேர்ந்து கிழடாகியிருந்தது. நத்தத்திலிருந்து அதைப் பூட்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தது தனிக் கதை.

காற்றைக் காலையில், சக்கரம் ஓடுவதற்கு முன், நிழலில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் 65 பி.எஸ்.ஐ. டயரில் இரண்டரை முதல் மூன்று வரை கூடும், வழியில் 72 காட்டுகிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவான காற்றோடு புறப்படுவோம். நம் ஊருக்கு இன்னொரு தொல்லை உண்டு, சீமைக்கருவேல முள். புதிய டயர் வந்த மறுவாரமே, செம்மண் பாதையில் ஒரு கிலோமீட்டர் போய் வந்த பிறகு, பட்டனின் பள்ளத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தபோது ஓர் அங்குல முள் வந்தது, ஈரத்தோடு, நுனி முறியாமல். எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தேன், குமிழி வரவில்லை. டியூப் டயரில் இத்தகைய முள் ஒரே மூச்சில் காற்றை இறக்கும், டியூப்லெஸ்ஸில் நாள் கணக்கில் கசியும். கசிவு காரில் என்றால் ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும், பின்னால் வரும் டிரெய்லரில் பட்டை உரியும்வரை ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி வைக்கும் காற்றழுத்த சென்சார் இரண்டை வாங்கி, அதன் திரையைப் பொலிரோவின் முன்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வீண் செலவு என்று வீட்டில் சொன்னார்கள், நான் மறுத்துப் பேசவில்லை, கழற்றவும் இல்லை.

கொட்டகையில் இப்போது சக்கரங்கள் பலகைமேல் நிற்கின்றன, மேற்குப் பக்கம் கோணிச் சாக்கு தொங்குகிறது, மாதம் ஒருமுறை டிரெய்லரை அரைச் சுற்று உருட்டி வைக்கிறேன்.

புதிய சக்கரங்களோடு முதல் ஓட்டம் சிங்கம்புணரி வரை. ரிம் புதிது என்றால் நட்டுகள் முதல் 80 கிலோமீட்டருக்குள் சற்று இளகக்கூடும். அங்கே ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, முதலில் இரண்டு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பு. பிறகு ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாக முடுக்கினேன். வலப்பக்கம் ஐந்தும் அசையவில்லை. இடப்பக்கத்தில் மட்டும் ஒன்று கால் சுற்று உள்ளே போனது.