இணையத் தொலைபேசி வழியே பதினொரு பக்கத் தொலைநகல்

அமெரிக்காவில் மருத்துவ அலுவலகங்கள் பலவும் இன்னமும் தொலைநகலைக் கைவிடவில்லை. அம்மாவின் பதினொரு பக்க மருத்துவக் குறிப்புகளை ஒரு நிபுணரிடம் சேர்க்க வேண்டியிருந்தபோது, மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ள இயலாது என்று அந்த அலுவலகத்தார் கூறிவிட்டார்கள். எங்கள் வீட்டில் செப்புக்கம்பித் தொலைபேசி இல்லை. ரவுட்டரோடு இணைந்த இணையத் தொலைபேசி அடாப்டர் ஒன்றும், கணினியின் தரவைத் தொலைபேசி ஒலியாக மாற்றும் பழைய யுஎஸ்பி மோடம் ஒன்றும், ஹைலாஃபேக்ஸ் என்ற தொலைநகல் மென்பொருள் நிறுவிய லினக்ஸ் கணினி ஒன்றும் இருந்தன. அடாப்டரில் மோடமைச் செருகி அழைத்தேன். மறுமுனைத் தொலைநகல் கருவி பதிலளிக்கும் 2100 ஹெர்ட்ஸ் ஒலி தெளிவாகக் கேட்டது. ஆனால் முதல் பக்கம் பாதியிலேயே அறுந்துபோனது.

இணைய வேகம் போதவில்லை என்றுதான் பலரும் முதலில் நினைப்பார்கள். அது காரணமன்று. ஒலியை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்பின் ஒலி நொடிக்கு 64,000 பிட் எடுத்துக்கொள்கிறது. மோடம் அந்த ஒலிக்குள் ஏற்றி அனுப்பும் தொலைநகலோ, சாதாரணக் கருவிகளில், நொடிக்கு 14,400 பிட்டைத் தாண்டுவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இணையத் தொலைபேசி மனிதச் செவிக்காக அமைக்கப்பட்டது. வழக்கமாக 20 மில்லி நொடி ஒலி ஒரு பாக்கெட்டாக, அதாவது ஒரு தரவுப் பொட்டலமாக, செல்கிறது. ஒன்று வழியில் தொலைந்தால், முந்தைய ஒலியைக் கொண்டு அந்த இடைவெளி நிரப்பப்படுகிறது, பேசுபவர்கள் அதை உணர்வதே இல்லை. மோடமுக்கோ அந்த 20 மில்லி நொடியில், உச்ச வேகத்தில், 288 பிட்டுகள் இருக்கின்றன. பாக்கெட்டுகளின் தாமதத்தைச் சமன்செய்யும் இடைத்தேக்கம் ஓட்டத்தின் நடுவே தன் அளவை மாற்றிக்கொண்டாலும், ஒலி அலை ஒவ்வொரு கணமும் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டபடியே வரும் மோடம் தடம் தவறிவிடுகிறது. ஜி.729 போன்ற சுருக்க முறை குறுக்கிட்டாலோ நம்பிக்கையே இல்லை. அது மனிதக் குரலின் இயல்பை அடிப்படையாகக் கொண்டு ஒலியை நொடிக்கு 8,000 பிட்டாகச் சுருக்குவதால், மோடமின் ஒலி அதில் உருக்குலைந்துவிடும்.

ஹைலாஃபேக்ஸ் எழுதிவைத்த பதிவேட்டைப் பார்த்தபோது மற்றொன்றும் புரிந்தது. தொலைநகல் கருவிகள் பின்பற்றும் டி.30 நெறிமுறைப்படி, பக்கத்தை அனுப்பும் முன் மோடம் ஒன்றரை நொடி நேரம் வெறும் பூச்சியங்களை அனுப்பி வேகத்தைச் சோதிக்கிறது. என் அழைப்புகள் எல்லாமே அந்தச் சோதனையில் தேறியிருந்தன. ஒன்றரை நொடிக்குத் தூய்மையாக இருந்த வழி, ஒரு நிமிடம் ஓடும் பக்கம் முழுவதற்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பக்கத்தின் நடுவே மீண்டும் ஒத்திசைத்துக்கொள்ளவும் வழியில்லை.

ஆகவே அடாப்டரில் ஜி.711 மட்டும் இயங்கும்படி செய்து, அமைதி நேரத்தில் பாக்கெட்டுகளை நிறுத்திவைக்கும் வசதியையும் எதிரொலி நீக்கியையும் அணைத்து, இடைத்தேக்கத்தை மாறாத அளவில் நிறுத்தினேன். மோடமின் உச்ச வேகத்தை நொடிக்கு 9600 பிட்டாகக் குறைத்தேன். தொலைநகலுக்கென்றே 1998இல் வகுக்கப்பட்ட டி.38 முறையை என் சேவை ஆதரித்திருந்தால் இவ்வளவு பாடு தேவைப்பட்டிருக்காது. அதில் அடாப்டரே மோடமின் ஒலியைப் பிட்டுகளாகப் பிரித்தெடுத்து, முந்தைய பாக்கெட்டுகளின் நகலையும் சேர்த்து அனுப்ப முடியும்.

இணையத் தொலைபேசியில் தொலைநகல் அனுப்புவோருக்குப் பரவலாகக் கிடைக்கும் மற்றோர் அறிவுரை, ஈசிஎம் என்னும் பிழைதிருத்தத்தை அணைத்துவிடுங்கள் என்பது. பிழைகள் மிகுந்தால் அழைப்பு நீண்டுகொண்டே போகும், அணைத்தால் சில கோடுகள் சிதைந்தாலும் பக்கம் போய்ச் சேரும் என்பது அதன் தருக்கம். நானும் அப்படியே செய்தேன். ஏழு பக்கங்கள் நன்றாகச் சென்றன. எட்டாவது பக்கத்தின் கீழ்ப்பாதி முழுவதும் கருங்கோடுகளாக வந்திருப்பதாக அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் தெரிவித்தார்கள். அம்மாவின் மருந்தளவு அட்டவணை இருந்த பக்கம் அது. ஒரு கோடு சிதைந்து 5 என்பது 6 ஆகத் தெரிந்திருந்தால் யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள் என்ற எண்ணம் என்னை இன்னமும் கலங்கச் செய்கிறது.

சில நிமிடங்கள் சரியாக ஓடிவிட்டுப் பின் கெடுவதற்குக் கடிகாரங்களும் காரணமாகலாம். அடாப்டரும், இணைய அழைப்பைத் தொலைபேசி வலையோடு இணைக்கும் மறுமுனை நுழைவாயிலும் நொடிக்கு 8000 ஒலி மாதிரிகள் என்று தத்தம் கடிகாரப்படி எண்ணுகின்றன. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால்கூட, 400 நொடியில் ஒரு முழுப் பாக்கெட் அளவுக்கு விலகல் சேர்ந்துவிடும். அதை எங்காவது ஓரிடத்தில் விழுங்கியோ நிரப்பியோ ஆக வேண்டும்.

எனவே ஈசிஎம்மை மீண்டும் இயக்கினேன். அது பக்கத்தை 256 பைட் துண்டுகளாகப் பிரித்து அனுப்புகிறது. பழுதான துண்டுகள் எவை என்று பெறும் கருவி பட்டியலிட்டுக் கேட்க, அவை மட்டும் புதிய ஒத்திசைவோடு மறுபடி செல்கின்றன. மூன்று, நான்கு பக்கங்களாகப் பிரித்துத் தனித்தனி அழைப்புகளில் அனுப்பினேன். இரண்டு பக்கங்களுக்கு மறு அனுப்பல் தேவைப்பட்டதைப் பதிவேடு காட்டியது. பதினொரு பக்கங்களும் தெளிவாக இருப்பதாக அன்று மாலையே அலுவலகத்தார் உறுதிசெய்தார்கள். மருந்தளவு அட்டவணையை மட்டும் ஒவ்வோர் எண்ணாகப் படித்துக் காட்டும்படி நான் கேட்டுக்கொண்டேன்.