கச்சான் காற்றும் எங்கள் ஏசியும்

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீடு ஓட்டு வீடாக இருந்தவரை ஒரு மேசை விசிறி போதும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஊர்; பின்னேரக் கடற்காற்று விறாந்தைக்கே வந்துவிடும்.

பிறகு ஓட்டைக் கழற்றிக் கொங்கிறீட் போட்டோம். (அம்மா வேண்டாம் என்றார். யார் கேட்டது?) கிழக்குப் பக்கத் தென்னைகள் விழுந்து, மூன்று மாடி விடுதி எழுந்தது. காற்று நின்றது, விடுதியின் ஏசி வெளிப்பெட்டிகள் எங்கள் யன்னலுக்கு நேரே அனல் கக்குகின்றன. பகலெல்லாம் வெயில் குடித்த கொங்கிறீட், இரவு 11 மணிக்கும் அதைத் திருப்பித் தருகிறது.

மேற்கிலிருந்து வரும் வறண்ட அனல்காற்றான கச்சான் வீசிய ஜூலையில் நாங்களும் ஏசி வாங்கினோம். 70 அலகுக்குள் நின்ற மின்பட்டியல் இப்போது 200ஐத் தாண்டுகிறது; 180க்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் உச்ச விலை.

எங்கள் வெளிப்பெட்டி மேற்கு வீட்டு மாமியின் குசினியைப் பார்த்திருக்கிறது. நேற்று மாமி ஏசி விலை விசாரித்தார்.