ரெஜி ஒயிட்: சில டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 17

ஆடி ஓய்ந்த பிறகு ஊழியத்துக்கு வரும் விளையாட்டு வீரர்கள் உண்டு. ரெஜி ஒயிட் அந்த ரகம் இல்லை. 17 வயதிலேயே பாப்டிஸ்ட் போதகர். அமெரிக்கக் கால்பந்தில் சம்பளம் வாங்க ஆரம்பித்ததெல்லாம் அதற்கப்புறம்தான். வார நாளில் ஆளைச் சாய்ப்பதற்குப் பயிற்சி, நேரம் கிடைத்தால் பிரசங்கம். சாய்த்த ஆளிடமே “இயேசு உன்னை நேசிக்கிறார்” என்பாராம். விழுந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

பந்தை எறியக் காத்திருக்கும் குவாட்டர்பேக்கை, எறிவதற்கு முன்பே வீழ்த்துவதற்கு ‘சாக்’ என்று பெயர். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்காக 121 ஆட்டங்களில் 124 சாக். சராசரி ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல்!

டிசம்பர் 18

இரவு 1997 ஜனவரி சூப்பர் பௌலை, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தை, திரும்பப் போட்டுப் பார்த்தேன். நியூ ஆர்லியன்ஸில் கிரீன் பே பாக்கர்ஸ், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். ஒயிட் அப்போது பாக்கர்ஸ் பக்கம். மூன்றாம் கால்பகுதியில் பாக்கர்ஸின் டெஸ்மண்ட் ஹோவர்ட் 99 கெஜம் ஓடி, பந்தோடு எதிரணி எல்லைக்குள் போய் டச்டவுன் எடுத்ததும் எல்லோரும் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம்.

ஒயிட் வெளிப்பக்கமாகப் பாய்கிறார். தடுக்க வந்த மேக்ஸ் லேன் 300 பவுண்டுக்கு மேல் எடை. அவரும் அந்தப் பக்கமே சாய்கிறார். அந்த நொடியில் ஒயிட்டின் உள்கை லேனின் விலாவுக்கடியில் நுழைந்து ஒரே தள்ளு. அவ்வளவு பெரிய மனிதர் தடுமாறி விலக, வழி திறந்துவிடுகிறது. பேட்ரியாட்ஸ் குவாட்டர்பேக் பிளெட்சோ கீழே. அடுத்த ஆட்டத்துண்டிலும் அவரே கீழே! மொத்தம் 3 சாக், 35-21 வெற்றி. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பலத்தைவிட எதிராளியின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்று பார்க்கிற கண்தான் பெரிது என்று தோன்றுகிறது.

டிசம்பர் 20

வீரர்கள் விரும்பிய அணிக்கு மாறும் உரிமைக்காக அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். மீது தொடுத்த வழக்கில் ஒயிட்டின் பெயர்தான் முதலில் இருந்தது. 1993இல் சமரசம் ஆனதும் அணிகள் அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டின. எங்கே போவது என்று கடவுள் சொல்வார் என்றார். கிரீன் பே பயிற்சியாளர் மைக் ஹோம்கிரென் தொலைபேசியில், கடவுள் பேசுகிறேன், கிரீன் பேக்குப் போ என்று பதிவு செய்து வைத்தாராம். 4 ஆண்டுக்கு 1.7 கோடி டாலர் ஒப்பந்தமும் கூடவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 22

இன்று படித்தது மனதைக் கலக்கியது. 1996 ஜனவரியில் நாக்ஸ்வில்லில் அவர் துணைப்போதகராக இருந்த தேவாலயத்துக்குத் தீ வைத்தார்கள், இனவெறி வாசகங்களை எழுதிவிட்டு. சில நாளில் டாலஸ் அணிக்கு எதிராக முக்கியமான ஆட்டம் வேறு. கிரீன் பே இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்து ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள்.

அதே விஸ்கான்சின் சட்டமன்றத்தில் 1998 மார்ச்சில் பேச அழைத்தார்கள். அங்கே ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணச் சான்றிதழ் கொடுத்தார். ஆசியர்களான நமக்கு, டி.வி.யைக் கைக்கடிகாரமாக்கும் திறமையாம். ஓரினச் சேர்க்கையாளர்களைப் பற்றிச் சொன்னது இன்னும் மோசம். புகழ்வதாக நினைத்துச் சொன்னதும் இனத்துக்கு ஒரு முத்திரைதான். தன் தேவாலயத்தைச் சாம்பலாக்கிய வெறி எங்கிருந்து கிளம்புகிறது என்று அறிந்தவருக்கு இது உறைக்கவில்லையே! அவரை எனக்குப் பிடிக்கும் என்பதற்காக இதை மழுப்ப முடியாது.

டிசம்பர் 26

2000இல் கரோலினா பேந்தர்ஸோடு ஆட்டம் முடிந்தது. மொத்தம் 198 சாக். 2004இல் இதே தேதியில் இறந்தார், வயது 43. இதயத் துடிப்புக் கோளாறு. சார்கோய்டோசிஸ் நோயும் தூக்கத்தில் மூச்சடைக்கும் தொல்லையும் இருந்தன. அன்றுதான் நம் கரையில் சுனாமி. ஒயிட் இறந்த செய்தி நமக்கு எட்டியிருக்க வழியே இல்லை.

டிசம்பர் 28

கடைசி ஆண்டுகளில் பிரசங்க மேடையிலிருந்து ஒதுங்கி எபிரெயம் படித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் யாரோ எழுதியதையும் சொன்னதையும்தான் பிரசங்கித்தேன், வேதத்தைப் படித்தவனாக இல்லை என்கிற பொருளில் பேட்டி கொடுத்தார். சபைகள் தன் பெயருக்காகவே தன்னைப் பயன்படுத்தின என்ற கசப்பும் இருந்தது.

போனில் நண்பர் ஒருவர், “அப்போ விசுவாசத்தை விட்டுட்டார்னு சொல்லு” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேதத்தை மூலமொழியிலேயே படிக்க வேண்டும் என்று 40 வயதில் எழுத்துக்கூட்டத் தொடங்குகிறவர் எதை விட்டுவிட்டார்? “கைதட்டலை விட்டிருக்கார், அவ்வளவுதான்” என்றேன். நண்பர் சமாதானம் ஆகவில்லை. புத்தாண்டு அன்று நேரில் வருகிறார். அந்தப் பேட்டியைப் போட்டுக் காட்டப் போகிறேன்.