உக்ரைன் மீட்பு 2022: டெல்லியில் இருந்து ஆள் கணக்கு பார்த்த அனுபவம்

2022 பிப்ரவரி 24 அதிகாலை ரஷ்யா படையெடுத்ததும் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. அன்று டெல்லியிலிருந்து கீவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் நடுவழியில் திரும்பிவிட்டது. உக்ரைனுக்குள் இருந்த இந்திய மாணவர்களுக்கு அதன் பிறகு ஒரே வழிதான்: மேற்கு எல்லை வரை தரைவழி, பக்கத்து நாட்டு விமான நிலையம், அங்கிருந்து டெல்லி அல்லது மும்பை. 26ஆம் தேதி தொடங்கிய இந்திய அரசின் மீட்புப் பணியான ஆபரேஷன் கங்கா இப்படித்தான் நடந்தது. டெல்லித் தமிழர்களாக எங்களுக்கு அதில் இரண்டு வேலை. ஒன்று போனில் ஆள் கணக்கு, இன்னொன்று இறங்கியவர்களை வரவேற்பது. இரண்டுக்கும் அடிப்படை ஒரு பட்டியல். அது எங்கெங்கே தடுமாறியது என்பதை அடுத்து செய்யப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறோம்.

முதல் தடுமாற்றம் பெயரில். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு ‘சர்நேம்’ கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும், சிலருக்கு இனிஷியல், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. அம்மா போனில் சொல்வது ‘எஸ். கார்த்திக்’. விமானப் பட்டியலில் ‘செல்வராஜ் கார்த்திக்’. நண்பர்கள் அனுப்பும் பட்டியலில் ‘கார்த்தி’. மூன்றும் ஒரே பையன். அம்மா ஒருமுறை, மாமா ஒருமுறை, எம்.எல்.ஏ. அலுவலகம் ஒருமுறை, அவனே ஒருமுறை என்று நாலு பதிவு இருக்கும். வந்து சேர்ந்தவனைத் தேடுவதில் நேரம் போகும், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக நடப்பதுதான் ஆபத்து. ஒரே பெயரில் இருவர் இருந்து, ஒருவர் இறங்கியதும் பட்டியலில் இன்னொருவரின் வரியையும் ‘வந்தாச்சு’ என்று மூடிவிட்டால், அங்கே நிற்கும் பிள்ளையை அதன் பிறகு யாரும் தேட மாட்டார்கள். பெயரை வைத்து எந்த வரியையும் மூடாதீர்கள். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி இரண்டும் பொருந்தினால் மட்டும் மூடுங்கள்.

பட்டியலில் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய மற்ற விவரங்கள்: படிக்கும் ஊர், உக்ரைன் எண், டெலிகிராம், வீட்டில் ஒரே ஒரு தொடர்பு எண், சொந்த மாவட்டம், கூட இருப்பவர்கள் எத்தனை பேர், தினமும் எடுக்க வேண்டிய மருந்து, கடைசியாக இருந்த இடம், அந்தத் தகவல் வந்த நேரம், சொன்னது யார். கடைசி மூன்றும் இல்லாத பட்டியலால் பயனில்லை. ‘லிவிவில் இருக்கிறாள்’ என்பது நேற்று மாலை சித்தி சொன்னதா, பத்து நிமிடம் முன்பு அவளே எழுதியதா என்பதைப் பொறுத்து அடுத்த முடிவு மாறிவிடும்.

நேரத்தை எழுதும்போது எந்த ஊர் நேரம் என்று சேர்த்தே எழுத வேண்டும். பிப்ரவரியிலும் மார்ச்சின் பெரும்பகுதியிலும் உக்ரைனும் ருமேனியாவும் நமக்கு மூன்றரை மணி பின்னால். போலந்து, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நாலரை மணி பின்னால். இந்த மூன்று நாடுகளுக்குள் எல்லை தாண்டியதும் மாணவரின் போன் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். ‘8 மணிக்கு பஸ்’ என்று ஒரு செய்தி வந்தால் அதற்கு மூன்று அர்த்தம் உண்டு. மார்ச் 2 அன்று இந்தியத் தூதரகம், கார்கிவ் நகரில் இருப்பவர்கள் உள்ளூர் நேரம் மாலை 6 மணிக்குள் பெசோச்சின், பாபாயே, பெஸ்லியுடிவ்கா ஆகிய இடங்களுக்கு, வண்டி இல்லையென்றால் நடந்தாவது போய்விட வேண்டும் என்றது. நமக்கு அது இரவு 9.30. அந்த இடங்கள் நகரத்திலிருந்து 11, 12, 16 கிலோமீட்டர். நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டால் நடக்க இருக்கும் மணி நேரமே மாறிவிடும்.

டெல்லியில் உட்கார்ந்துகொண்டு ‘கிளம்பு’, ‘இரு’ என்று யாருக்கும் சொல்லக் கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை. தூதரக அறிவிப்பை அப்படியே, அது வெளியான நேரத்தோடு அனுப்புவது மட்டும்தான் நம் வேலை. பழைய அறிவிப்பு குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். போலந்து எல்லையில் செஹினியில் கூட்டம் முட்டியதால் அதைத் தவிர்க்கச் சொன்ன பிறகும், செஹினிக்கு வரச்சொல்லும் பழைய செய்தி வந்துகொண்டிருந்தது. அங்கே உறைபனியில் பல கிலோமீட்டர் நடந்து, இரவு முழுக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. செர்னிவ்சி பக்கம் இருந்தவர்களுக்கு ருமேனியாவின் சிரெத்தும், உஷ்ஹொரோட் பக்கம் இருந்தவர்களுக்கு ஹங்கேரி, ஸ்லோவாக்கியா எல்லைகளும்தான் பக்கம்.

போன் சார்ஜைக் காப்பாற்றுவது ஒரு தனி வேலை. பெற்றோர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோ கால் செய்தால் மதியத்துக்குள் போன் அணைந்துவிடும். ஒரு குழுவுக்கு ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்களின் போன் அணைந்தே இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வரிச் செய்தி போதும்: இடம், எத்தனை பேர், சார்ஜ் எவ்வளவு. ‘அம்மா, நீங்க கூப்பிடாதீங்க, செய்தி வந்ததும் நாங்களே உங்களைக் கூப்பிடுறோம்’ என்று சொன்னால், சொன்னபடி ராத்திரி இரண்டு மணியானாலும் கூப்பிட வேண்டும். ஒருமுறை தவறினால் அவர்கள் மறுபடி பிள்ளையின் போனுக்கே போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வடகிழக்கு உக்ரைனில் உள்ள சூமி நகரில் இருந்தவர்களின் வரிகள்தான் கடைசி வரை திறந்திருந்தன. ஏறத்தாழ 700 இந்திய மாணவர்கள், குழாயில் தண்ணீர் நின்றுபோய்ப் பனியை உருக்கிக் குடித்தார்கள். மார்ச் 7 அன்று பஸ்ஸில் ஏறத் தொடங்கியவர்கள் சண்டை நிறுத்தம் நிலைக்காததால் இறக்கிவிடப்பட்டார்கள். 8ஆம் தேதிதான் போல்டாவா போய், ரயிலில் லிவிவ், பிறகு போலந்து. ‘பஸ்ஸில் ஏறியாச்சு’ என்பதை ‘வெளியேறியாச்சு’ என்று பதியக் கூடாது என்பதை அந்த 7ஆம் தேதி காட்டியது. எல்லை முத்திரை குத்திய பிறகு மட்டும் நிலையை மாற்றுங்கள்.

டெல்லியில் இறங்கும் இடம் இரண்டு. பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் டெர்மினல் 3. விமானப்படையின் சி-17 பெரிய சரக்கு விமானம் காசியாபாத்தில் உள்ள ஹிண்டன் தளத்தில் இறங்கும். அது படைத்தளம், அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. வருபவர்களை அரசு ஆட்கள் வழியாகத்தான் பஸ்ஸுக்குக் கொண்டுவர முடியும். சாணக்கியபுரியில் உள்ள தமிழ்நாடு இல்லத்துக்கு அங்கிருந்து நகரையே குறுக்காகக் கடக்க வேண்டும். ஆகவே மயூர் விஹார் பக்கத்து ஆட்களை ஹிண்டனுக்கும், ஆர்.கே.புரம் பக்கத்து ஆட்களை டெர்மினலுக்கும் பிரித்துக்கொள்வது நல்லது. சென்னை வரையிலான பயணச் செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. டிக்கெட் போடும்போது மீண்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வேண்டும். எந்த ஊர் விமானத்தில் ஏற்றினோம் என்பதை வீட்டுக்குச் சொல்லாவிட்டால், கோவையில் இறங்கும் பிள்ளைக்காக அப்பா சென்னையில் காத்திருப்பார்.

வரவேற்பு மேசையில் பூங்கொத்தைவிட அதிகம் தேவைப்பட்டவை உலர்ந்த சாக்ஸ், உள்ளாடை, சானிட்டரி நாப்கின், செருப்பு, கொப்புளத்துக்கு மருந்து, வீட்டுக்குப் பேச ஒரு போன். அவர்களின் இந்திய சிம் எப்போதோ செத்திருக்கும், கையில் இருக்கும் உக்ரைன் பணமான ஹ்ரிவ்னியா நோட்டை மாற்ற முடியாது. இரண்டு மூன்று நாள் பிஸ்கட்டில் ஓட்டியவர்களுக்கு பிரியாணி கொடுத்தால் வாந்தி வரும். ரசம் சாதம், இட்லி, தயிர் சாதம், கொஞ்சம் கொஞ்சமாக. ‘சாப்டியாம்மா?’ என்பதைத் தவிர முதல் ஒரு மணி நேரம் வேறு கேள்வி வேண்டாம். கேமராக்காரர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துங்கள்.

பாஸ்போர்ட் தொலைத்தவர்கள், அதற்குப் பதிலாகத் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழில் வருவார்கள். அதில் எண் வேறு என்பதால் பழைய எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பிறந்த தேதியைச் சேர்த்து வைத்திருப்பது இதற்குத்தான்.

வீட்டிலிருந்து அந்தப் பிள்ளையே பேசிய பிறகுதான் வரியை மூடினோம். எல்லா வரியும் மூடிய அன்று, தன்னார்வலர்கள் ஒவ்வொருவரின் போனிலும் வாட்ஸ்அப்பிலும் தேங்கிக் கிடந்த பாஸ்போர்ட் படங்களை அழித்தோம், குப்பைத் தொட்டி கோப்புறை உட்பட.