கேவுரு சாராயமும் பன்னீர்ச் சொம்பும்

சனிக்கிழமை கிழக்கு பிரான்சில் இருக்கும் கோல்மார் ஊருக்கு வைன் வாங்கப் போய் வந்ததிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது. இருந்ததே கொஞ்சம்.

எங்கே கிளம்பினாலும் மூன்று நாள் முன்னாலேயே உட்கார்ந்து படிக்கிற என் வியாதிதான் உங்களுக்குத் தெரியுமே. பாரிஸிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். வண்டி ஓட்டுவது வீட்டம்மா, பின்சீட்டில் புளிசோற்றுத் தூக்கோடு அத்தை. இறங்கி ஓட யாருக்கும் வழியில்லை. பாடத்தை ஆரம்பித்தேன். கோல்மார் இருக்கும் அல்சாஸ் என்பது வோஜ் மலைக்கும் ரைன் ஆற்றுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் பட்டை. மேற்கிலிருந்து வரும் மழையை மலையே வாங்கிக்கொள்வதால் பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் கோல்மாரும் ஒன்று. திராட்சைக்கு அது கொண்டாட்டம்.

"அப்புறம் எதுக்கு மாப்பிள்ளை மூணு குடை?" என்றார் அத்தை.

(கொட்டித் தீர்த்தது. அதை விடுங்கள்.)

1871-ல் ஜெர்மனி, 1918-ல் பிரான்ஸ், 1940-ல் மறுபடி ஜெர்மனி, 1945-ல் மறுபடி பிரான்ஸ் என்று ஊர் கைமாறிய கதைக்கு மட்டும் அத்தை காது கொடுத்தார். "நம்ம பாண்டிச்சேரிய இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மாத்தி மாத்திப் புடிச்ச மாதிரி." அதேதான்! இதோடு விட்டிருக்கலாம். அல்சாஸ் வைனுக்கு அரசு முத்திரை கிடைத்தது 1962-ல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே 1962-ல் என்றேன். வீட்டம்மா பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

வைன் தயாரித்து விற்கும் வீட்டில் ஒரு பெரியவர். புடலங்காய் போல ஒல்லியாக, நீளமாக ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, "கெவூர்ட்ஸ்ட்ராமினர்" என்றார்.

அத்தை என்னை முழங்கையால் இடித்தார். "என்னா, கேவுருல சாராயமா?"

"கேவுரு இல்ல அத்தை. கெவூர்ட்ஸ்னா ஜெர்மன்ல மசாலா. திராமின்ங்கிறது வடக்கு இத்தாலியில ஒரு ஊரு."

"மசாலா போட்ட சாராயமா?"

மசாலாவும் போடவில்லை. வெறும் திராட்சைதான். அதுவும் வெள்ளை வைன் என்று பெயரே தவிர, பழத்தின் தோல் இளஞ்சிவப்பு. இதை விளக்கி முடிப்பதற்குள் பெரியவர் கிளாஸை நீட்டி, என்ன வாசனை வருகிறது என்று கேட்டுவிட்டார். மூன்று நாள் படித்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான். வாயில் வந்ததோ "ஈரக் கல்". அது ரீஸ்லிங் என்ற வேறொரு திராட்சை வைனுக்குச் சொல்வது மொசியே என்று பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத அத்தை, கிளாஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "அட, பன்னீரு!"

பட்டர் மசாலாவில் மிதக்கும் பனீர் இல்லை, கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர். வீட்டம்மா மொழிபெயர்த்ததும் பெரியவர் மேசையைத் தட்டினார். ரோஜாவில் இருக்கும் ரோஸ் ஆக்சைடு என்ற வாசனைப் பொருள் இதிலும் இருக்கிறதாம். லிச்சிப் பழத்திலும் அதுவேதானாம். எனக்கும் தெரியும். யார் கேட்டார்கள்? அதற்கப்புறம் அங்கே நான் மூலையில் சாத்தி வைத்த குடைதான். திறந்த பாட்டிலெல்லாம் அத்தையின் மூக்குக்குத்தான் போனது. இந்த வைனுக்குப் பொருத்தம் என்று மன்ஸ்டர் சீஸைக் கொண்டு வந்தபோது மட்டும் அதே மூக்கு வாசலுக்கு ஓடியது.

ஆறு பாட்டில் வாங்கினோம்.

திரும்பும் வழியில் அத்தை வெகுநேரம் பேசவில்லை. நான்சி நகரத்தைத் தாண்டியதும் சொன்னார்: "எங்க கல்யாணத்துல வாசல்ல நின்ன பொண்ணுகிட்டேருந்து பன்னீர்ச் சொம்பப் புடுங்கி, உங்க மாமா எம்மேலயே தெளிச்சிட்டாரு. பட்டுப்புடவை நனைஞ்சுபோச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

வீட்டம்மா பாட்டை நிறுத்தினாள்.

நேற்று இரவு ஒரு பாட்டிலைத் திறந்து அரை கிளாஸ் ஊற்றியிருப்பேன். அத்தை வந்தார். ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். "வாசன போயிடும் மாப்பிள்ளை" என்று கார்க்கை அழுத்தி மூடி, மாமா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மீதி ஐந்து வண்டியிலேயே கிடக்கின்றன. இறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.